தண்ணீரோடு நடந்த மகாராஜா

முன்னொரு காலத்தில், மகாராஜாக்களுக்கு வேலை குறைவாகவும் யோசனை அதிகமாகவும் இருந்த காலத்தில், வச்சிரபாகு என்று ஓர் அரசர் இருந்தார். குணத்தில் தங்கமானவர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் வேட்டைக்குப் போகிற வழியில் எந்த ஊரைக் கண்டாலும் அதை ஒரே நாளில் சீர்திருத்திவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை வந்துவிடும். அவர் சீர்திருத்திவிட்டுப் போன ஊர்கள் பழையபடி ஆவதற்குப் பல மாதங்கள் பிடிக்கும்.

அப்படி ஒரு பங்குனியில் செவ்வேந்தல் என்ற சிறு நகரத்துக்கு அவர் வந்து இறங்கினார். கூடவே மந்திரி அனந்தபாலர், யானை, குதிரை, குடை, சாமரம், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு கழுதைமேல் அரசவை விகடன் வெண்காடன். குதிரை கொடுத்தால் வேண்டாம் என்பான். கழுதையிலிருந்து விழுந்தால் தரை பக்கத்தில் இருக்கிறதாம்.

செவ்வேந்தலில் ஒரு பெரிய ஏரி, ஒரு சந்தை, ஒரு கோயில், ஒரு நகரசபை. தெரு விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவதிலிருந்து, கோயில் காளை யார் வீட்டு வைக்கோலைத் தின்றது என்ற வழக்கு வரைக்கும் எல்லாம் அந்தச் சபையின் பொறுப்பு. ஊரார் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்துதான் சபைக்காரர்களை எடுப்பார்கள். அந்த வருஷம் தலைவராக வந்தது செக்கு வைத்து எண்ணெய் ஆட்டுகிற பூவணன் பெயர். மனுஷன் தன் செக்கு மாட்டைக்கூட அதட்டிப் பேசமாட்டார். குடத்திலிருந்து தன் பெயர் வந்ததைக் கேட்டதும் நடுச்சபையில் தண்ணீர் வாங்கிக் குடித்தார். அப்படிப்பட்டவர் தலையில் போய் ஒரு மகாராஜா வந்து விடிந்தால் எப்படி இருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள்.

அன்றைக்குப் பார்த்துச் சபை ஆள் எடுக்கிற நாள். அரசரை எங்கே உட்கார வைப்பது என்று தெரியாமல், யார் வீட்டிலிருந்தோ ஊஞ்சல் பலகையைக் கழற்றிக்கொண்டு வந்து, பட்டு விரித்து உட்கார வைத்தார்கள். அரசர் சந்தோஷமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்.

முதலில் தெருக்கூட்டும் வேலை. சூரக்காள் என்ற பெண் முன்னால் வந்து நின்றாள். சபைக்காரர்கள் கேள்வி கேட்டார்கள், அவள் பதில் சொன்னாள். யாருக்கும் ஆட்சேபம் இல்லை என்றானதும் பூவணன் ஒரு பித்தளைத் தட்டை நீட்டினார். அதில் வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் இருந்தன. சூரக்காள் எடுத்துப் போட்டு மென்றாள். மொத்தச் சபையும் வாயை மூடிக்கொண்டு அவள் வாயையே பார்த்தது.

"எதற்காக எல்லோரும் அந்தப் பெண்ணின் வாயைப் பார்க்கிறீர்கள்?" என்றார் அரசர்.

பூவணன் எச்சில் கூட்டி விழுங்கிவிட்டுச் சொன்னார். "மகாராஜா, சபைத் தட்டுல வெத்தலை எடுத்து மென்னு வாய் செவந்துட்டா, வேலைக்கு ஒத்துக்கிட்டதா அர்த்தம். அதுக்கப்புறம் அவங்களும் பின்வாங்க முடியாது, நாங்களும் வேண்டாம்னு சொல்ல முடியாது. ஒரு தடவையாவது அந்த வேலையை முழுசா முடிச்சுட்டுத்தான் மத்த பேச்சு."

"எழுத்தில்லை, முத்திரையில்லை, வாய் சிவந்தால் போதும். அருமையான வழக்கம்" என்று அரசர் தொடையில் தட்டினார். "இதை மீறுகிறவர் எவராயினும் நம் ஆணையையே மீறியவர் ஆவார். இது நம் வாக்கு."

எல்லோரும் அரசரைப் புகழ்ந்தார்கள். தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்த வெண்காடன் மட்டும் புகழவில்லை. அவன் வெற்றிலைத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்து மதகுக் காவல். இங்கேதான் வம்பு பிறந்தது. ஏரியின் மதகுப் பலகையைத் தூக்கி வாய்க்காலில் தண்ணீர் விடுகிற வேலை அது. எந்தெந்த வயலுக்கு எவ்வளவு என்று மதகுக்காரர் கையில்தான் இருக்கிறது. அதனால் ஒருவர் பெயரைச் சொன்னால், "அவன் மேலத்தெருக்காரனுக்கு மருமகன்" என்று இன்னொருவர் எழுந்தார். வேறு பெயர் சொன்னால், "அவனுக்கு ஏரிக்குக் கீழே நிலம் இருக்குதே" என்று மூன்றாமவர் எழுந்தார். கடைமடையில், அதாவது வாய்க்கால் போய் முடிகிற கடைசியில், வயல் வைத்திருந்த பவளாயி என்ற விதவை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சபை நடுவே வந்து நின்றாள்.

"யாரை வேணா எடுங்கய்யா. என் நெல்லு பால் பிடிச்சு நிக்குது. இந்தத் தடவையும் தண்ணி வந்து சேரலைன்னா அத்தனையும் பதராப் போயிரும். எனக்கும் என் புள்ளைகளுக்கும் அதுதான் வருஷச் சோறு" என்றாள்.

அவள் குரல் உடைந்தது. சபையில் மறுபடியும் சச்சரவு. வெயில் உச்சிக்கு ஏறியது. அரசர் கொட்டாவி விட்டார்.

"நம் சேனாபதியை நியமித்தபோதுகூட ஒரு வாய் வெற்றிலை மெல்லும் நேரம்தான் ஆயிற்று. ஒரு பலகையைத் தூக்கி இறக்குவதற்கு ஆள் தேட இவர்களுக்கு ஒரு பகல் போதவில்லையா?"

மந்திரி அனந்தபாலர் இதற்காகத்தான் காத்திருந்தார். அரசர் காதருகே குனிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அரசே, இவர்களுக்கு நிர்வாகம் தெரியாது. சபையைக் கலைத்துவிட்டு ஒரே அதிகாரியை அமர்த்துவது உத்தமம். என் மைத்துனன் சிங்கணன் இவ்வூரில்தான் தோட்டம் வாங்கிக் குடியிருக்கிறான். திறமைசாலி."

தூணடியில் வெண்காடன் சிரித்துவிட்டான். அரசர் திரும்பினார்.

"என்ன சிரிப்பு, வெண்காடா?"

"ஒன்றுமில்லை அரசே. நாட்டில் எங்கே ஒரு வேலை காலியானாலும் மந்திரியாருக்கு உடனே ஒரு மைத்துனர் நினைவுக்கு வந்துவிடுகிறார். இவர் மாமியார் மொத்தம் எத்தனை பெற்றார் என்று யோசித்துப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது."

யானைப் பாகன் வரைக்கும் சிரித்தான். அனந்தபாலரின் முகம் கறுத்தது. அவருக்கு வெண்காடனைக் கண்டாலே ஆகாது. அரசர் தன் யோசனையைவிட இவன் சிரிப்புக்கு அதிகம் காது கொடுக்கிறார் என்று நெடுநாள் எரிச்சல். இன்றைக்கு இரண்டு பேரையும், அதாவது சபையையும் விகடனையும், ஒரே கல்லில் அடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

"அப்படியானால் அரசே, சபைக்கு ஒரு வாய்ப்புக் கொடுப்போம். மதகில் நிற்பவனுக்கு இவ்வூரில் உறவு இருக்கக் கூடாது. ஆனால் அவன் அந்நியனாகவும் இருக்கக் கூடாது, இந்த மண்ணில் அவனுக்கு உரிமை வேண்டும். மந்திரியே வந்து மிரட்டினாலும் அஞ்சக் கூடாது. எவர் எதைக் கொடுத்தாலும் மயங்கக் கூடாது. இத்தகைய ஒருவனை நாளை உச்சிப்பொழுதுக்குள் நிறுத்தட்டும். இல்லையேல் சபை கலையட்டும், என் மைத்துனன் பொறுப்பேற்கட்டும். வெண்காடன்தான் புத்திசாலி ஆயிற்றே, அவனே தேடிக் கொடுக்கட்டும்."

அரசருக்கு இது நல்ல விளையாட்டாகப் பட்டது. "சம்மதம். வெண்காடா, தவறினால் நீ நம் அவைக்குத் திரும்ப வேண்டாம். சிங்கணனிடம் தெரு விளக்கேற்றிப் பிழைத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

மாலையில் பூவணன் ஏரிக்கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். இத்தனை தலைமுறையாக ஊரார் கையில் இருந்த சபை தன் காலத்திலா போக வேண்டும் என்று வருந்தினார். வெண்காடன் கழுதையை மேயவிட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பூவணன் மடியில் இருந்த எள்ளுருண்டைப் பொட்டலத்தைத் தானே எடுத்துப் பிரித்துத் தின்னவும் ஆரம்பித்தான்.

"தலைவரே, இந்த மதகு வேலை ஏன் அடிக்கடி காலியாகிறது?"

"என்னத்தைச் சொல்றதுங்க. எல்லாருக்கும் தெரியும், சொல்லத்தான் வாயில்லை. பாதி வழியில சிங்கணன் வாய்க்கால் கரையை வெட்டித் தன் வாழைத்தோட்டத்துக்குத் தண்ணியத் திருப்பிக்கிறாரு. கேக்கப் போன மதகுக்காரன் ஒருத்தன் பல்லு போயி வந்தான். இன்னொருத்தன் ஊரை விட்டே போயிட்டான். மந்திரி மச்சானாச்சே, யார் போய்க் கேக்கறது. அரசர்கிட்டச் சொன்னா, மந்திரி இல்லைம்பாரு. நாங்க சாட்சிக்கு எங்க போறது?"

"மதகுக்காரர் ஏன் அவ்வளவு தூரம் போகிறார்? பலகையைத் தூக்கிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதானே?"

"அது முடியாதுங்க. தண்ணியத் தொறந்துவிட்டா, அது கூடவே நடந்து போய்க் கடைமடை வரைக்கும் கொண்டு சேக்கணும். அதுதான் வேலை. அதுவும் தண்ணிக்கு முன்னால ஒருத்தரும் போகக் கூடாது, மதகுக்காரரும் போகக் கூடாது. முன்னால ஓடினா யாராச்சும் எங்கயாச்சும் வெட்டி வெச்சுருவாங்கல்ல."

வெண்காடன் மெல்லுவதை நிறுத்தினான். "தண்ணீர் போகிற இடமெல்லாம் போக வேண்டும். அதற்கு முன்னால் ஒருவரும் போகக் கூடாது. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"நாளைக்கு நீங்கள் உங்கள் வழக்கப்படி எல்லாம் செய்யுங்கள். வெற்றிலைத் தட்டு மட்டும் என் கையில் இருக்கட்டும்" என்றான். பிறகு மீதி எள்ளுருண்டையையும் முடித்துவிட்டுப் போனான். பூவணனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த ஆள் போகும்போது சீட்டியடித்துக்கொண்டு போனதைப் பார்த்து மனதில் லேசாக ஒரு தெம்பு வந்தது.

மறுநாள் உச்சிப்பொழுது. ஊர் முழுக்கச் சபை மண்டபத்தில் கூடிவிட்டது. சிங்கணன் மட்டும் வரவில்லை. பதவி எப்படியும் தனக்குத்தான் என்று, அரசருக்கு விருந்து வைக்கத் தன் தோட்டத்தில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தான். அரசர் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து ஊஞ்சல் பலகையில் அமர்ந்தார். வழக்கமாக வெற்றிலைப் பெட்டிக்காரன் நிற்கிற இடத்தில், அவர் வலக்கைப் பக்கம், வெண்காடன் பித்தளைத் தட்டோடு நின்றான்.

"எங்கே உன் ஆள்?"

"இதோ அரசே. அதற்கு முன் ஒரு சந்தேகம். லட்சணங்களை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று தெரிய வேண்டும். இவ்வூரில் தங்களுக்கு உறவினர் எவரும் உண்டா?"

"எனக்கா? இல்லை."

"ஆகவே தாங்கள் இங்கே அந்நியர்."

அரசருக்குச் சுருக்கென்றது. "என் நாட்டில் நான் அந்நியனா? இந்த ஏரியின் ஒவ்வொரு துளியும் என் காவலில் உள்ளது."

"மன்னிக்க வேண்டும். மந்திரியார் மிரட்டினால் தாங்கள் அஞ்சுவீர்களா?"

அரசர் வாய்விட்டுச் சிரித்தார். அனந்தபாலருக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. ஆனால் என்ன என்று பிடிபடவில்லை.

"எவராவது எதையாவது கொடுத்துத் தங்களை மயக்க முடியுமா?"

"எல்லாம் என்னுடையதாக இருக்கும்போது எதைக் கொடுத்து மயக்குவது?" என்று சொல்லிக்கொண்டே, சாப்பிட்ட கை பழக்கத்தில் வலப்பக்கம் நீண்டது. வெற்றிலையை எடுத்தது, சுண்ணாம்பு தடவியது, மடித்து வாயில் போட்டது.

"தலைவரே, ஆட்சேபம் உண்டா என்று கேளுங்கள்" என்றான் வெண்காடன், ஒன்றும் நடக்காதவன்போல.

அப்போதுதான் பூவணனுக்கு உறைத்தது. இந்த மனுஷன் என்ன காரியம் செய்துவிட்டான், தலை தப்புமா என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஆனாலும் கூட்டத்தின் ஓரத்தில் பவளாயி நிற்பது கண்ணில் பட்டது. எங்கிருந்தோ குரல் வந்தது. "மதகுக் காவலுக்கு வந்திருக்கிற இவரைப் பத்தி யாருக்காவது ஆட்சேபம் உண்டா?"

யார் பேசுவார்கள்? சபை மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அரசரின் வாயைப் பார்த்தது. மெல்லுகிற வாய் மெதுவாக நின்றது. உதடு நன்றாகச் சிவந்திருந்தது.

அனந்தபாலர் துள்ளி எழுந்தார். "நாடாளும் மன்னரை ஊர் வேலைக்கு அமர்த்துவதா? இது ராஜத் துரோகம்."

"லட்சணங்கள் அனைத்தும் தாங்கள் அருளியவை, மந்திரியாரே. அவற்றில் நம் அரசரிடம் எது குறைவு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன்" என்றான் வெண்காடன்.

மந்திரி வாயைத் திறந்தார். எதைச் சொன்னாலும் ஆபத்து என்று தெரிந்து மூடிக்கொண்டார். அரசரின் கண் சிவந்தது. வெண்காடனை வெட்டிப்போடுவதா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. பிறகு அவர் முந்தின நாள் தாமே கொடுத்த வாக்கை நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். கிரீடத்தைக் கழற்றி ஊஞ்சல் பலகையில் வைத்தார். மேலாடையை எடுத்துத் தலையில் முண்டாசாகக் கட்டினார். எழுந்து வந்து அந்த எண்ணெய் வாணிகர் முன்னால் நின்றார்.

"தலைவரே, நான் என்ன செய்ய வேண்டும்?" என்றார்.

பூவணனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தலைவர் என்று தன்னை மகாராஜா கூப்பிட்டதைக் காதால் கேட்டும் அவரால் நம்ப முடியவில்லை. "மண்வெட்டி எடுத்துக்கணுங்க" என்று மட்டும் அவரால் சொல்ல முடிந்தது.

மதகுப் பலகையைத் தூக்க அரசருக்கு மூச்சு வாங்கியது. அதிகமாகத் தூக்கிவிட்டார், தண்ணீர் பீறிட்டு அவர் முகத்தில் அடித்தது. "ஒரு கை அகலம் போதும், ஒரு கை அகலம். ஏரியவே தொறந்துவிட்டுராதீக" என்று பவளாயி கரையிலிருந்து அதட்டினாள். பக்கத்தில் இருந்தவர் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தார். "மகாராசாவா இருந்தா என்ன, மதகுல நின்னா மதகுக்காரர்தான்" என்றாள் அவள். அரசர் சொன்னபடியே பலகையை இறக்கினார்.

தண்ணீர் வாய்க்காலில் இறங்கியது. தண்ணீர் போகிற இடமெல்லாம் கூடவே போக வேண்டும், அதை யாரும் முந்தக் கூடாது என்று பூவணன் வழக்கத்தைச் சொன்னார். அரசர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கரையில் நடக்க ஆரம்பித்தார். குடைக்காரன் ஓடி வந்தான். "மதகுக்காரருக்குக் குடை உண்டா, தலைவரே?" என்றான் வெண்காடன். "வழக்கமில்லீங்க" என்றார் பூவணன். குடை மடங்கியது.

அப்படி ஒரு ஊர்வலத்தை அந்த ஊர் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. காய்ந்து பாளம் பாளமாக வெடித்த வாய்க்கால். தண்ணீர் ஒவ்வொரு வெடிப்பிலும் இறங்கி, அது நிறைந்த பிறகுதான் அடுத்த அடி நகரும். சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு, எறும்புகள் சிதறி ஓட, கொக்குகள் இரண்டு பக்கமும் வந்து இறங்க, அது பாட்டுக்கு மெள்ளப் போயிற்று. அதன் வேகத்தில் அரசர். அவருக்குப் பின்னால் மந்திரி, சபை, ஊர் ஜனம், குதிரைப்படை. எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் அடி வைத்துவிட்டு நிற்பதும், மறு அடி வைத்துவிட்டு நிற்பதுமாகப் பட்டத்து யானை. காற்றாகப் பறக்கிற குதிரைகள் எல்லாம் ஒரு வாய்க்கால் தண்ணீருக்குப் பின்னால் பொறுமையாக நின்றதைப் பார்த்துப் பூவணனுக்குக் கண் நிறைந்துவிட்டது. தினமும் பார்க்கிற தண்ணீர்தான். இவ்வளவு பெரியது என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாதி வழியில் மந்திரிக்கு வேர்த்துக் கொட்டியது. தன் வேலைக்காரனிடம் ஏதோ கிசுகிசுத்தார். அவன் வரப்பில் இறங்கி முன்னால் ஓடப் பார்த்தான்.

"மதகுக்காரரே, தண்ணீரை ஒருவன் முந்துகிறான்" என்றான் வெண்காடன், கழுதைமேல் இருந்தபடியே.

அரசர் மண்வெட்டியைக் குறுக்கே நீட்டினார். "நில். தண்ணீருக்கு முன்னால் நானே போவதில்லை. நீ யார்?" வேலைக்காரன் பின்வாங்கினான்.

கொஞ்ச தூரத்தில் தண்ணீர் வாய்க்காலை விட்டுச் சட்டென்று வலப்பக்கம் திரும்பியது. அங்கே கரை வெட்டப்பட்டிருந்தது. நேரே போகிற வாய்க்கால் காய்ந்து கிடந்தது.

"அரசே, பாதை நேராகத்தான் செல்கிறது. இப்படி வாருங்கள்" என்று மந்திரி அவசரமாகக் கை காட்டினார்.

"என் வேலை பாதையோடு போவதில்லை, மந்திரி. தண்ணீரோடு போவது" என்றார் அரசர். தண்ணீர் திரும்பிய பக்கமே திரும்பினார்.

மொத்த ஊர்வலமும் திரும்பியது. வேலியை முறித்துக்கொண்டு, வாழைகளுக்கு நடுவே, அரசரும் படையும் யானையும் தண்ணீரின் வேகத்தில் உள்ளே போனார்கள். ஊரெல்லாம் காய்ந்து கிடக்க அந்தத் தோட்டம் மட்டும் பச்சைப்பசேல் என்று நின்றது. யானைக்குப் பரம சந்தோஷம். வாழையை இழுத்து இழுத்துத் தின்றது.

பந்தலில் இருந்த சிங்கணன், கூட்டம் வருவதைப் பார்த்து விருந்துக்குத்தான் வருகிறார்கள் என்று நினைத்துவிட்டான். மாலையும் பூரணகும்பமுமாக ஓடி வந்தான். "வர வேண்டும், வர வேண்டும். மகாராஜாவின் பாதம் பட என் தோட்டம் என்ன புண்ணியம் செய்ததோ. எத்தனை செழிப்பு பார்த்தீர்களா? எல்லாம் என் சொந்த ஏற்பாடு."

தண்ணீர் ஒரு வாழையடியில் போய்த் தேங்கும் வரைக்கும் அரசர் கூடவே போய் நின்றார். பிறகு திரும்பினார். ஊரே நடுங்கும் கோபம் அந்த முகத்தில் இருந்தது. ஆனால் அவர் கேட்டது பூவணனைத்தான்.

"தலைவரே, வாய்க்கால் கரை வெட்டப்பட்டிருக்கிறது. நான் மதகுக்காரன். சபை என்ன சொல்கிறது?"

எல்லாக் கண்களும் பூவணன் பக்கம் திரும்பின. மந்திரியின் கண்ணும்தான். சொன்னால் நாளைக்கு இந்த மந்திரி சும்மா விடுவாரா என்று ஒரு நிமிஷம் பயம் வந்தது. மகாராஜாவே பயப்படாமல் கூலிக்காரராக நிற்கிறார், நான் மட்டும் எதற்குப் பயப்பட வேண்டும் என்று அடுத்த நிமிஷம் தோன்றியது. வாழ்நாளில் முதல் தடவையாக அவர் குரல் நடுங்காமல் வந்தது.

"வெட்டினவர்தான் அடைக்கணும். தன் கையால அடைக்கணும். அதுதான் எங்க வழக்கம்."

"கேட்டாயா?" என்று அரசர் மண்வெட்டியைச் சிங்கணனிடம் நீட்டினார். பட்டு வேட்டியும் மாலையுமாக, ஊர் முழுக்கப் பார்த்திருக்க, சிங்கணன் சேற்றில் இறங்கிக் கரையை அடைத்தான். தண்ணீர் கொஞ்சம் தயங்கி, தன் பழைய வழிக்குத் திரும்பியது. அரசரும் திரும்பினார்.

வெயில் சாய்கிற நேரத்தில் தண்ணீர் கடைமடையைத் தொட்டது. பவளாயியின் வயலில் மண் அதை உறிஞ்சுகிற சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அவள் வரப்பில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தத் தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் தோள் குலுங்குவதை அரசர் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. ஒரு கை அகலப் பலகைக்கு ஏன் ஒரு பகல் சண்டை போட்டார்கள் என்று அவருக்கு இப்போது புரிந்தது.

பவளாயி எழுந்து குடிசைக்குள் போய், விதைக்கு வைத்திருந்த நெல்லில் கொஞ்சம் முறத்தில் கொண்டு வந்தாள். "கடைமடையில தண்ணி தொட்டா மதகுக்காரருக்கு வயல்காரி கையால கூலி குடுக்கணும். முந்தானைய விரிங்க... சே, துண்டை விரிங்க" என்றாள்.

அரசர் முண்டாசை அவிழ்த்து விரித்தார். நெல் விழுந்தது.

"இத்தனை வருஷம் வரி வாங்கியிருக்கிறேன், கப்பம் வாங்கியிருக்கிறேன், காணிக்கை வாங்கியிருக்கிறேன். கூலி வாங்குவது இதுதான் முதல் தடவை" என்றார்.

அனந்தபாலர் தலை குனிந்து நின்றார். அரசர் அவரைப் பார்த்து, "நாடெங்கும் பதவியில் இருக்கும் உம் மைத்துனர்கள் அனைவரையும் நாளை முதல் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிடும்" என்றார். பிறகு பூவணன் பக்கம் திரும்பினார். கண்ணில் குறும்பு வந்துவிட்டது. "தலைவரே, அடுத்த தடவைக்கு மதகில் ஆள் வேண்டுமே. நம் மந்திரியை எடுத்துக்கொள்கிறீர்களா?"

பூவணன் கை கூப்பினார். "மன்னிக்கணும் மகாராஜா. மந்திரியாருக்கு ஊர்ல மச்சான் இருக்காரு. அவரே சொன்ன லட்சணம் அவருக்குப் பொருந்தலை."

ஜனம் ஆரவாரம் செய்தது. அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும், "சபையைக் கலைப்பதாவது. நான் சபையில் வேலை பார்த்தவன். எனக்கு வேலை கொடுத்தவர்களை நானா வீட்டுக்கு அனுப்புவேன்? இந்த ஊருக்கு யார் வேலை செய்வது என்பதை இந்த ஊரே சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்ளட்டும். எத்தனை பகல் ஆனாலும் சரி" என்றார்.

அடுத்து கழுத்தில் இருந்த முத்துமாலையைக் கழற்றினார். "வெண்காடா, உன்னை வெட்டியிருக்க வேண்டும். இந்தா, பிடி."

வெண்காடன் மாலையை வாங்கிக் கழுதையின் கழுத்தில் போட்டான். "அரசே, முத்து எங்கள் வீட்டில் வேகாது. அந்தத் துண்டில் இருப்பதில் ஒரு கைப்பிடி கொடுத்தால் இன்றைக்குச் சோறு ஆக்கிக்கொள்வேன்."

மகாராஜா சட்டென்று துண்டை நெல்லோடு சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வேண்டுமானால் இன்னொரு முத்துமாலை எடுத்துக்கொள். ஊர் வேண்டுமானால் எழுதி வைக்கிறேன். இதில் மட்டும் ஒரு மணி கேட்காதே. இது நான் சம்பாதித்தது" என்றார்.

அப்புறம் என்ன? முத்துமாலை கழுதையோடு போயிற்று, நெல் அரண்மனைக்குப் போயிற்று, தண்ணீர் கடைமடைக்குப் போயிற்று.